மூன்று பேருக்கும் ஒரே நாளில்

கிழக்குத் தாம்பரம்,
8-7-1968

அன்புள்ள ஜெயசீலிக்கு,

தனசிங் எழுதுவது. இங்கே நான் சுகம். நீ சுகமா என்று கேட்க உன் அக்கா வீட்டில் எனக்கு உரிமை மிச்சமிருக்கிறதோ என்னவோ, கேட்டுவிட்டேன்.

சனிக்கிழமை சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து அழைத்து வரும்போதே நம் ஹில்டா ரயிலில் விரலிடுக்கைச் சொறிந்துகொண்டு வந்தாள். நீ சொன்னபடி டாக்டர் ஜீவரத்தினத்திடம் காட்டினேன். தாம்பரத்தில் வேறு டாக்டரே இல்லாத மாதிரி, உன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன ஆளிடமே போகச் சொல்கிறாய். போனேன். நான் யார், எஸ்.எஸ்.எல்.சி.யில் முட்டி நின்ற ரயில்வே குமாஸ்தா. அவர் கழுத்தில் குழாய் தொங்குகிறது.

குழந்தையின் விரலிடுக்கு, அக்குள், தொப்புள் எல்லாம் பார்த்தார். "இது சொறி, மிஸ்டர் தனசிங். கண்ணுக்குத் தெரியாத பூச்சி. இவளுக்கு மட்டும் பூசினா போகாது. இவகூட ஒரே பாயில படுக்கறவங்க எல்லாரும் ஒரே நாள்ல பூசிக்கணும். பெரியவங்க அப்படியே, இவளுக்குப் பாதிக்குப் பாதி தண்ணி கலந்து, கழுத்துக்குக் கீழே" என்று எழுதினார். கடைசியில், "ஜெயசீலி எப்படி இருக்காங்க?" என்றார். மருந்துச் சீட்டுக்கும் அந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொன்று. எழுதும்போது அவரும் விரலிடுக்கைச் சொறிந்துகொண்டார். ஹில்டாவின் பூச்சி அவர் கைக்கு எந்த வழியாகப் போயிற்றோ. நான் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா எழுதினேன்.

நேற்று ஹில்டாவை விடும்போது உங்களுக்கான மருந்து பாட்டிலையும் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். நீ வெளியே வரவில்லை.

இப்படிக்கு,
வாசல்வரை வந்துபோகும்
தனசிங்

*

சிங்கப்பெருமாள் கோவில்,
11-7-1968

ஹில்டாவின் அப்பாவுக்கு,

மருந்தை அன்று இரவே நானும் ரத்தினபாய் அக்காவும் பூசிக்கொண்டோம். ஹில்டாவுக்குத் தண்ணீர் கலந்து பூசினேன். எரியுதும்மா என்று அழுதாள். நீங்கள் பூசிக்கொண்டீர்களா? அதை மட்டும் எழுதவில்லை.

சொறி பிடித்த பிள்ளைகளை நாள் முழுக்கத் தொடுகிறவருக்கு விரல் அரிக்காதா? ஈஸ்டர் அன்று சர்ச் வாசலில் அவரோடு நின்று பேசியதற்கு நீங்கள் கேட்ட கேள்விக்காகத்தான் பெட்டியை எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன். அதே கேள்வியை இப்போது பூச்சியின் பெயரால் கேட்கிறீர்கள்.

ஜெயசீலி

*

கிழக்குத் தாம்பரம்,
22-7-1968

அன்புள்ள ஜெயசீலிக்கு,

ஹில்டாவுக்கு மறுபடி அரிப்பு. டாக்டர் கேட்பார் என்று நானே அவளைக் கேட்டுவைத்தேன்.

"அங்க உன்ன யார் யாரும்மா தூக்குவாங்க?"

"அம்மா, பெரியம்மா."

"அப்புறம்?"

"என்னை யாரும் தூக்கலன்னா நான் பூனைய தூக்குவேம்பா."

"டாக்டர் மாமா அங்க வருவாரா?"

"வந்து ஊசி போடுவாராப்பா?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். பிஸ்கட் வாங்கிக் கொடுத்துத்தான் ஓய்ந்தாள்.

இந்தத் தரம் டாக்டர் அவள் கையை அதிகம் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பினார். விரலிடுக்கெல்லாம் பொரிப்பொரியாக இருந்தது. "நீங்க பூசிக்கல" என்றார்.

ஜெயசீலி, என் பாட்டில் நேற்றுவரை திறக்காமல் அலமாரியில் இருந்தது. அந்த ஆள் எழுதிக் கொடுத்த மருந்து என் உடம்பில் படுவதா என்று வைத்துவிட்டேன். நீ அங்கே கழுவிக் கழுவி அனுப்பிய பிள்ளையை நான்தான் இங்கே என் பாயில் படுக்கவைத்துச் சொறியோடு திருப்பிக் கொடுத்திருக்கிறேன். குழந்தை என்மேல் கால் போட்டுத் தூங்குவதுதான் எனக்கு வாரத்தில் ஒரே சுகம். அதிலும் இப்படி.

"எல்லாரும் ஒரே வீட்ல இருந்தா எனக்கு வைத்தியம் சுலபம்" என்று சொல்லிப் புதுச் சீட்டில் நம் மூன்று பேர் பெயரையும் எழுதினார். உன் பெயரை என்னவோ நிறுத்தி, அழகாக எழுதிய மாதிரி இருந்தது. அந்தப் பேனாவைக்கூட முறைத்துப் பார்த்தேன். என் புத்தி அப்படி.

நேற்று பூசிக்கொண்டேன். பாய், துணி, தலையணை உறை எல்லாவற்றுக்கும் வெந்நீரும் வெயிலும் காட்டியாயிற்று. முதுகுக்குத்தான் கை எட்டவில்லை. கதவில் மருந்தைத் தடவி அதில் முதுகைத் தேய்த்தேன். கதவுக்கு இனி சொறி வராது.

உன் முதுகுக்கு அங்கே யார். வேண்டாம், அதை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்.

தனசிங்

*

சிங்கப்பெருமாள் கோவில்,
25-7-1968

அத்தானுக்கு,

என் முதுகுக்கு அக்கா. போதுமா?

கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னென்னவோ கேட்டிருக்கிறீர்கள். பெண் பார்க்க வந்த டாக்டரை வேண்டாம் என்று சொன்னது யார் என்று மட்டும் கேட்டதில்லை. நான்தான் சொன்னேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு.

துணியெல்லாம் வெந்நீரில் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஈஸ்டர் கேள்வியையும் அதே அண்டாவில் போட்டுவிடுங்கள். கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் திரும்ப வரும். வந்தால் இன்னொரு முறை என்னால் பூச முடியாது.

சனிக்கிழமை ஹில்டாவை அழைத்துப்போக வரவேண்டாம். நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். பெட்டி இருக்கிறது, ஸ்டேஷனுக்கு வாருங்கள். பாட்டிலைத் தீர்த்துவிடாதீர்கள், மூன்று பேரும் ஒரே நாளில் பூச வேண்டும் என்றுதானே சீட்டு.

அதற்குள் கதவைத் துடைத்துவையுங்கள்.

ஜெயசீலி