என் பெயரில் ஓடிய போர்வீல்

மார்ச் 3, செவ்வாய்
நான்கு சக்கரமும் இழுக்கும் என் 1983ஆம் ஆண்டு டீசல் போர்வீல் பிக்அப்பை விற்க விளம்பரம் எழுதினேன். ஹேண்ட்பிரேக் நிற்காது. இடது கதவு உள்ளிருந்து திறக்காது. மனைவி மலர் படித்துவிட்டு, “விக்கப் போறீங்களா, கேஸ் போடப் போறீங்களா?” என்றாள். மாதக் கடைசியில் தெப்ராவில் மகள் வீட்டுக்குக் குடிபோகிறோம். அங்கே வண்டி நிறுத்த இடமில்லை.

மார்ச் 8, ஞாயிறு
லாபிஸிலிருந்து அய்யாவு வந்தார். ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருக்கிறார்.

“பேரு மாத்த வேணாம் சார். கெபுனுக்குள்ளதான், செம்பனைக்குள்ளதான் ஓடும். ரோட்டுக்கே வராது லா.”

பெயர் மாற்றினால் வண்டி அரசுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். எஞ்சின் மாற்றியதை நான் பதிவு செய்யவே இல்லை. ஒன்பது வருடச் சோம்பல். பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டேன்.

பெயர் மாற்றாமல் விற்றவர்கள் நீதிமன்றத்தில் விழித்து நின்றதை பத்திரிகையில் இருந்த காலத்தில் எத்தனை முறை செய்தியாக்கியிருப்பேன்?

மார்ச் 13, வெள்ளி
எங்கள் பத்திரிகையின் பழைய புகைப்படக்காரர் சுகுமாறன் அழைத்தார். “தங்காக்ல உங்க வண்டிய பாத்தேன். பின்னால எட்டுப் பேரு. மேட்டுல நிறுத்தி, டயருக்குக் கல்லு வச்சிருக்காங்க.”

மார்ச் 14
அய்யாவுவிடம் போனில் கேட்டேன். “அட அலமாக், ஒரு நாள்தானே சார். துணி எடுக்கப் போனோம்.”
“ஹேண்ட்பிரேக்?”
“அதான் கல்லு இருக்கே.”

எட்டுப் பேர். யாராவது செத்துடுவாங்கன்னு பயமா, பேப்பர்ல என் பேரு வருமேன்னு பயமா? தெரியலை — இதைக்கூட எனக்குச் சொல்லத் தெரியலை.

மார்ச் 16, திங்கள்
ரயிலில் லாபிஸ் போனேன். அய்யாவுவிடம் பணத்தை அப்படியே நீட்டினேன்.

“வித்தத திரும்பக் கேக்குறீங்க. நீங்கள்லாம் படிச்சவங்க!”

“தப்பு என்னுது. எஞ்சின பதிவு பண்ணி, பிரேக்க சரி பண்ணித் தரேன். பேரு மாத்தி வாங்கிக்குங்க.”

அவர் வாங்கவில்லை. அவர் மனைவி காளியம்மாதான் உள்ளேயிருந்து சாவியோடு வந்து பணத்தை வாங்கிக்கொண்டார். “கொண்டு போங்கய்யா. எம் மகளும் பின்னாலதான் உக்காந்து வந்துச்சு.”

பிரேக்கை நம்பாமல் இரண்டாம் கியரிலேயே பாதி வழி வந்தேன்.

ஏப்ரல் 2
குடிபோயாயிற்று. வண்டி பட்டறையில். அய்யாவுவிடமிருந்து பேச்சே இல்லை.

மே 6, புதன்
எஞ்சின் பதிவாகி, பரிசோதனையும் தேறியது. காளியம்மா தன் பெயருக்கே வண்டியைக் கேட்டிருந்தார்; இன்று போக்குவரத்து அலுவலக முகப்பிடத்தில் கைரேகைக்குப் பெருவிரலை வைத்தது அவர்தான். அதே விலைக்கு வண்டி அவர் பெயருக்கு மாறியது. வெளியே வந்ததும் அய்யாவு என்னிடம் கை நீட்டினார். நான் சாவியை உரிமையாளரிடம் கொடுத்தேன்.

“பின்னால ஆளு ஏத்துனீங்க, நடந்துதான் போவீங்க” என்று சொல்லிச் சாவியைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, காளியம்மா முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

நான் பஸ்ஸில் வீடு திரும்பினேன்.