தலைமாட்டில் நிற்பவள் சொல்லும்வரை

ராயபுரம்,
12 ஆகஸ்ட் 1953

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். உங்கள் முட்டுவலி தேவலையா? நான் சுகம். நர்ஸ் படிப்பும் நன்றாகப் போகிறது.

போன மாதம் கால் முறிந்த ஹார்பர் தொழிலாளி ஒருவரைக் கட்டிலுக்கு மாற்றும்போது, டாக்டர் ஜெயவேல் ஒரு வார்த்தை சொல்லாமல் தன் பக்கத்தைத் தூக்கிவிட்டார். அந்த மனிதர் சரிந்து அலறினார். "இந்த நர்சுக்குக் காது கேக்காது" என்று டாக்டர் பழியை என்மேல் போட்டார். என் ஞாயிறு லீவை நிறுத்திவிட்டார்கள், கோயிலுக்குக்கூடப் போகவில்லை.

பிறகு எங்கள் வார்டு சிஸ்டர், டாக்டர்களையும் நர்சுகளையும் ஒன்றாக நிறுத்தி வகுப்பு எடுத்தார்கள். தலைமாட்டில் நிற்பவர் சொன்னால்தான் எல்லோரும் சேர்ந்து தூக்க வேண்டும்; சொன்னால்தான் இறக்க வேண்டும். நேற்று ஒத்திகையில் நோயாளியாகப் படுக்க டாக்டர் ஜெயவேலின் முறை. தலைமாட்டில் நான்.

"தூக்கு" என்றேன். தூக்கினோம். அப்புறம் நான் வாயே திறக்கவில்லை.

"எறக்கும்மா!" என்று அந்தரத்தில் கத்தினார்.

"பேஷன்ட் சொல்லி எறக்கக் கூடாது, டாக்டர். அன்னைக்குச் சொல்லாமத் தூக்கினது யாரு?"

கால்மாட்டில் பிடித்திருந்த ஆயா கெங்கம்மா டாக்டரிடம், "சொல்லிடு நைனா, கை நோவுது" என்றாள்.

"நான்தான்" என்றார், சிஸ்டர் காதில் விழும்படி.

கவலைப்படாதீர்கள், ஞாயிறு லீவு திரும்பக் கிடைத்துவிட்டது. கொஞ்சம் கருப்பட்டி அனுப்புங்கள். இங்கே எல்லோருக்கும் நான் வெறும் நர்சுதான், பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. அப்பாவை என் பேர் சொல்லி ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். டியூட்டி மணி அடிக்கிறது. காயத்திருமேனி எண்ணெயும் ஒரு குப்பி வேண்டும். டாக்டர் நல்ல கனம், தோள் இன்னும் வலிக்கிறது. ஆனாலும் அவசரப்பட்டு இறக்கிவிட்டேனே என்றுதான் வருத்தம்.

உங்கள் மகள்,
சுகிர்தம்