கோடையில் வந்த குளிர்காலச் சளி

அன்பு மகனுக்கு,

நாங்கள் நலம், நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. உன் தங்கையின் குழந்தை நாலு நாளாக மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு வார்டில் கிடக்கிறது, பால் புட்டியை உறிஞ்சக்கூடத் தெம்பில்லை. இந்த நேரத்தில் நீ அவளுக்குப் போன் போட்டு, "காப்பகத்துல கொண்டுபோய் விட்டேல்ல, அனுபவி" என்றாயாமே. அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு வாய்க்கு வந்ததைப் பேச எங்கே கற்றுக்கொண்டாய்? அவள் பகலில் குழந்தையைக் காப்பகத்தில் விட்டு வேலைக்குப் போகாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது, உனக்குத் தெரியாதா? போனில் பேசினால் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன், உன் அம்மா இதைப் படமெடுத்து அனுப்புவாள்.

கேள். ஊரடங்கு இருந்த இரண்டு வருடமும் எங்கள் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில், இப்போது குழந்தையைப் பிடித்திருக்கும் இந்தக் குளிர்காலச் சளி வைரஸ் ஒன்றுகூட அகப்படவில்லை. பள்ளிக்கூடம் மூடல், எல்லார் முகத்திலும் மாஸ்க், யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை, அப்புறம் எப்படிப் பரவும்? ஒழிந்தது சனியன் என்று சிரித்தோம். ஒழியவில்லை. அப்போது பிறந்த குழந்தைகளின் உடம்புக்கு அதைத் தெரியவே தெரியாது, கதவைத் திறந்ததும் ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது, அதுவும் கொளுத்தும் வெயிலில். கட்டுப்பாடு தப்பென்று சொல்லவில்லை, அதனால் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் காப்பகத்தின் வாசலைக்கூடப் பார்க்காத குழந்தைகளும் இங்கே வரிசையாகப் படுத்திருக்கின்றன, அவர்களின் அம்மாக்களிடமும் அனுபவி என்று சொல்வாயா?

என்மேல்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். கோடையிலும் அந்தச் சளி வைரஸுக்குப் பரிசோதனை வேண்டுமா என்று மேலதிகாரி கேட்டபோது, குளிர்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். முப்பது வருடமாகக் காலண்டரைப் பார்த்து நோயைத் தேடிய புத்தி. குழந்தைக்குக் காய்ச்சல் என்று வந்த உன் தங்கையிடம், கொரோனா இல்லை, வெறும் சளிதான், வீட்டுக்குத் தூக்கிப்போ என்றேன். என்னை நம்பித் தூக்கிப்போனாள். மூன்றாம் நாள் குழந்தையின் உதடு நீலமாகிவிட்டது.

இன்று ஆக்சிஜனைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். உன் தங்கை மட்டும், "என்னாலதானாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நாலு நாளாகப் பக்கத்திலேயே உட்கார்ந்து பதில் சொல்லாமல் இருக்கிறேன். பழியை அவள்மேல் போட்டு நீ பேசிய பேச்சு எனக்கு வசதியாக இருந்தது, அதுதான் உண்மை.

வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், நீ நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்ததும் அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேள். நான் இப்போது வார்டுக்குள் போகிறேன், என் பங்கு மன்னிப்பை அவளிடம் கேட்க.

இப்படிக்கு,
உன் அப்பா