எதிரே நின்று பார்க்காத விளக்கு

அக்டோபர் 14

இன்றும் திருவள்ளூர் ஷோரூம். அசோக் டிக்கியில் எத்தனை பெட்டி அடங்கும் என்று கையால் அளந்துகொண்டிருந்தார். நான் முன்னால் குனிந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். "மாட்டு டாக்டர், வண்டிக்குப் பல் பாக்கிறியா?" என்றார். கட்டிய மனைவியைக் கிண்டல் செய்ய அவருக்கு இடம், பொருள் தேவையில்லை.

பார்க்காமல் எப்படி? ஆர்.கே.பேட்டை பக்கத்துக் கால்நடை மருந்தகத்தை மூடிவிட்டு, கிராமத்தில் இரண்டு மாட்டைப் பார்த்துவிட்டுத் திருத்தணிக்குத் திரும்புவதற்குள் தினமும் இருட்டிவிடுகிறது. போன மாதம் பின்விளக்கே இல்லாத வைக்கோல் டிராக்டர் மேல் ஏற்றியிருப்பேன். மயிரிழை. பழைய காரின் விளக்கு சாமி மாடத்துக்குத்தான் போதும். மைலேஜுக்காக ஹைப்ரிட் என்பது அசோக்கின் ஆசை. நல்ல விளக்கு என்பது என் நிபந்தனை.

பட்டப்பகலில் ஷோரூமுக்குள் லைட்டைப் போட்டுக் காட்டுகிறார்கள். அதில் என்ன தெரியும்? இருட்டிய பிறகு வண்டியை வெளியே எடுக்க வேண்டும் என்று அங்கே வேலை செய்யும் பிரியங்காவிடம் கேட்டேன். முகம் கோணாமல் சரி என்றாள்.

அக்டோபர் 17

ஆறரை மணிக்கு மேல் பிரியங்காவும் நாங்களும் போனோம். ஒரு குடோன் சுவருக்கு நேராக நிறுத்தி லோ பீமைப் போட்டேன். வெளிச்சம் சுவரில் ஒரே கோடாக நின்றது, அதற்கு மேல் இருட்டு. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வீடியோக்களில் பார்த்திருக்கிறேன். பிறகு ரோட்டில் ஓட்டினேன். இரண்டு பக்கப் பள்ளமும் தெரிகிறது. ஹை பீம் போட்டால் தூரத்து மைல்கல்லைப் படிக்கலாம். முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா இருக்கிறதாம், எதிரில் வண்டி வந்தால் அதுவே ஹை பீமைத் தாழ்த்திவிடுமாம். மனசு அங்கேயே விழுந்துவிட்டது.

பிரியங்கா கேட்டாள்: "மேடம், ஒருவாட்டி எதிர்ல நின்னு பாக்குறீங்களா? நான் ஓட்டிகினு வரேன்."

"நான் ஓட்டுறவம்மா. எதிர்ல நிக்கப் போறதில்ல" என்றேன்.

அசோக் சிரித்தார். எனக்கும் என் பதில் பிடித்திருந்தது.

நவம்பர் 3

வண்டி வந்துவிட்டது. மலைமேல் பூஜை. டயருக்கு எலுமிச்சம்பழம், மாலை, விளக்குகளுக்குச் சந்தனம் குங்குமம். குருக்கள் அதோடு நிறுத்தினார். நான்தான் விடவில்லை. "கண்ணாடிக்கும் வைங்க சாமி, மேல நடுவுல, நெத்தி மாதிரி" என்று கேட்டு வாங்கினேன். எக்கி நின்று சந்தனத்தைப் பட்டையாக இழுத்து, பொட்டும் வைத்தார். வண்டிக்கு முகமே வந்துவிட்டது. தானாக உதிரும்வரை யாரும் துடைக்கக் கூடாது என்று அசோக்கிடம் சொல்லிவிட்டேன்.

மலை இறங்கும்போது டிஸ்ப்ளேயில் ஏதோ எழுத்து வந்து போனது. புது வண்டி, எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கும்.

நவம்பர் 7

ஒரு வேடிக்கை. இந்த வண்டி வந்ததிலிருந்து, சாயங்காலம் திரும்பும்போது எதிரே வருகிறவர்கள் கையை நெற்றிக்குக் கொண்டுபோகிறார்கள். நடந்து வருகிறவர்கள், சைக்கிள்காரர்கள், தறி வேலை முடிந்து அம்மையார்குப்பம் பக்கம் போகிற பெண்கள்கூட. இத்தனை வருஷம் பழைய காரில் போனபோது ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. பதில் மரியாதை வேண்டாமா? நானும் லைட்டை ஒரு அடி அடித்துவிட்டுப் போகிறேன்.

அசோக்கிடம் சொன்னேன். "அடுத்த எலெக்‌ஷன்ல நில்லு" என்றார்.

நவம்பர் 10

மழை வரும் வரும் என்று வரவில்லை. இன்று எட்டு மாடு, இரண்டு ஆடு, ஒரு கிளி.

நவம்பர் 13

களைப்பு. ஆனாலும் வண்டி ஓட்டுவது மட்டும் சுகமாக இருக்கிறது. மெதுவாகப் போனால் சத்தமே இல்லை. ஏரிக்கரை வளைவில் பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று எதிரே வந்தது. லைட் கிடையாது. இவர்களை எல்லாம் யார் திருத்துவது? ஆனால் முகம் தெரிவதற்குள் அந்த ஆளும் கையைத் தூக்கினார். நானும் இரண்டு அடி அடித்துவிட்டு வந்தேன். ராத்திரிச் சாப்பாடு ரசம், அப்பளம்.

நவம்பர் 15

சின்னசாமி வீட்டு மாட்டைப் பார்க்கப் போனேன். நிறைமாதம். தெருவில் நாலு வீட்டுப் பாலையும் சேர்த்து மொபெட்டில் சொசைட்டிக்குக் கொண்டுபோகிறவர். வலது கையில் மாவுக்கட்டு, கழுத்தில் தூளி. முகமெல்லாம் சிராய்ப்பு. ஏரிக்கரைப் பள்ளத்தில் விழுந்துவிட்டாராம்.

"எப்படி ஆச்சு?"

"ஏதோ லாரிங்க" என்றார். மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மொபெட் சுவரோரம் கிடந்தது. முன்விளக்கு உடைந்து உள்ளே சிலந்தி கூடு கட்டியிருந்தது. இப்போது உடைந்ததாக இருக்க முடியாது. விளக்கில்லாமல் ஓட்டினால் இப்படித்தான் ஆகும், நீங்கள் கெடுவதோடு எதிரே வருகிறவனையும் கெடுப்பீர்கள் என்று நன்றாகக் கொடுத்தேன். அவர் தலையை ஆட்டினார். "ஆங், என் தப்புதாங்க." அவர் மனைவி பாஞ்சாலி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வழக்கமாக அருகிலேயே உட்கார்ந்து மாட்டைப் பற்றி ஊர்க்கதையாகச் சொல்வாள். இன்று சொல்லவில்லை. வீட்டில் கஷ்டம், பாவம்.

நவம்பர் 23

ஞாயிறு. எதில் தொடங்குவது?

காலையில் அசோக் வண்டியைக் கழுவும்போது டிஸ்ப்ளேயைப் பார்த்துவிட்டார். கேமரா மறைந்திருக்கிறது, தானாகத் தாழ்த்தும் வசதி வேலை செய்யாது என்று எழுதியிருந்தது. எவ்வளவு நாளாக வருகிறது என்று கேட்டார். பூஜை நாளிலிருந்து. நான் குருக்களிடம் கேட்டு வாங்கிய சந்தனம், சரியாகக் கேமரா மேல்.

"அப்ப ஹை பீம்?"

"அது பாட்டுக்குப் போட்டு வெச்சிருக்கேன். அதான் தானா எறங்குமே."

"எறங்காதும்மா. இத்தனை நாளா எறங்கியிருக்காது."

துடைத்துவிட்டோம். சரி, சந்தனத்தின் தப்பு, இனி சரியாகிவிடும் என்றுதான் அப்போதும் நினைத்தேன். எப்படி ஆறுதல் தேடிக்கொள்கிறது மனசு. இருந்தாலும் சாயங்காலம் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நானே சொன்னேன். அசோக் ஓட்டினார், நான் ஏரிக்கரை வளைவில் இறங்கி ரோட்டோரம் நின்றேன். அவர் தூரத்தில் திருப்பிக்கொண்டு வந்தார். என் பின்னாலிருந்து டவுன் பஸ் ஒன்று வந்தது. உடனே வண்டி சமர்த்தாக விளக்கைத் தாழ்த்தியது. பஸ் போனது. மறுபடி முழு வெளிச்சம்.

நான் நின்றுகொண்டிருக்கிறேன். தாழவில்லை.

ரோடு தெரியவில்லை, பள்ளம் தெரியவில்லை, என் கால் தெரியவில்லை. முகத்தில் அறைந்த மாதிரி வெள்ளை. என் கை தானாக நெற்றிக்குப் போய் கண்ணை மறைத்துக்கொண்டது.

அப்படியே நின்றேன். கையைக் கீழே இறக்க முடியவில்லை. ஐயோ. கும்பிடா போட்டாங்க அவங்க? கண்ணு கூசி, வழி தெரியாம, மறைச்சிகினு நின்னாங்க. நான் அதுக்கு மேல ரெண்டு அடி அடிச்சிட்டுப் போனேன், பதில் மரியாதைன்னு. எதிரே நிற்கப் போவதில்லை என்று அந்தப் பெண்ணிடம் எவ்வளவு மிடுக்காகச் சொன்னேன்.

அசோக் இறங்கி வந்து விளக்கினார். அந்தக் கேமரா எதிரே விளக்கைத்தான் தேடுமாம். பஸ்ஸுக்குத் தாழும், காருக்குத் தாழும். நடந்து வருகிறவனுக்கும் விளக்கில்லாத மொபெட்டுக்கும் தாழாது. ஆக, சந்தனம் இல்லாவிட்டாலும் அன்றைக்கு அது தாழ்ந்திருக்காது. கையால் தாழ்த்தியிருக்க வேண்டியவள் நான்.

அந்த மொபெட். பால் கேன். இந்த வளைவு. அது சின்னசாமிதான் என்று அசோக்கிடம் சொல்லவில்லை, இங்கே எழுதும்போதே கை கூசுகிறது. விழுந்து கிடந்தவரைத் திரும்பியும் பார்க்காமல் வந்து ரசம் சாதம் சாப்பிட்டேன். அப்புறம் அவர் வீட்டுக்கே போய் அவரையே திட்டினேன். அவர் வீட்டு மோரைக் குடித்தேன்.

நவம்பர் 24

மருந்தகத்தில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நவம்பர் 26

சின்னசாமி தெருவில் ஒரு ஆட்டுக்கு ஊசி போட வேண்டும். உதவியாளர் தணிகைமணியை அனுப்பிவிட்டேன். வேலை அதிகம் என்றேன். அவரும் நம்பினார். என்ன ஒரு பிழைப்பு.

திரும்பும்போது லோ பீம் மட்டும். அப்படியும் எதிரே ஒரு அம்மா கையைத் தூக்கினாள். பழக்கமாகிவிட்டது போலிருக்கிறது, என் வண்டியைக் கண்டாலே. நிறுத்தி இறங்கி மன்னிப்புக் கேட்கலாமா என்று தோன்றியது. கேட்கவில்லை, ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 27

அசோக்கிடம் சொல்லிவிட்டேன். இந்த முறை கிண்டல் இல்லை. "அவரே லாரின்னுதானே சொல்றாரு" என்றார். எனக்காகத்தான் சொல்கிறார். ஆனால் அதையே நானும் நான்கு நாளாக உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருப்பதால் அவர்மேல் கோபம் வந்தது.

நவம்பர் 28

போனேன். பகலிலேயே.

போகும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். அங்கே போனதும் மாட்டின் வயிற்றைத் தடவினேன், காய்ச்சல் பார்த்தேன், தீவனம் கேட்டேன். கேட்க எதுவும் மிச்சமில்லாமல் போன பிறகு சொன்னேன். "சின்னசாமி, அன்னிக்கு ஏரிக்கரையில வந்தது லாரி இல்ல. என் வண்டி."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியுங்க டாக்டரம்மா."

"தெரியுமா?"

"அந்த வெள்ள வெளிச்சம் இந்தப் பக்கம் வேற யாருகிட்ட கீது? அதுவும் ரெண்டுவாட்டி அடிச்சிட்டுப் போனீங்க."

"அப்புறம் ஏன் லாரின்னு சொன்னீங்க? நான் அவ்வளவு பேசினேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவர் மாட்டைக் காட்டினார். "செனை மாட்ட கட்டி வெச்சிகினு கீறோம். தலைச்சன் கன்னு. ராத்திரி பகல்னு கூப்ட்டா நீங்க ஒருத்தர்தான் வர்றீங்க. உங்கள பகைச்சிகினு நான் இன்னா பண்றது?"

அவர் குத்திக் காட்டவில்லை. பால் விலையைச் சொல்வது போலத்தான் சொன்னார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. மனுஷர் எலும்பு முறிந்து, பொய்யும் சொல்லி, என் ஏச்சையும் வாங்கிக்கொண்டு, தப்பு என்னுடையதுதான் என்று தலையாட்டியிருக்கிறார். பெருந்தன்மையால் என்றால்கூடத் தாங்கியிருப்பேன். என்மேல் பயம். பதினோரு வருஷமாக இந்தத் தெருவுக்கு வருகிறேன், என்னை நல்ல டாக்டர் என்று எல்லோரும் சொல்வதில் எவ்வளவு இந்தப் பயம் கலந்திருக்கிறதோ.

மருத்துவச் செலவை நான் ஏற்கிறேன் என்றேன். "அது அப்புறம் பாக்கலாங்க" என்றார். பாஞ்சாலி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்று மோர் வரவில்லை.

டிசம்பர் 3

சின்னசாமி வீட்டிலிருந்து இன்னும் கூப்பிடவில்லை. மாட்டுக்கு நாள் தாண்டிவிட்டது. வேறு டாக்டரிடம் சொல்லியிருப்பார்களோ? சொன்னால் சொல்லட்டும், மாடு நல்லபடியாக ஈன்றால் சரி என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் என்னைக் கூப்பிட வேண்டுமே என்றுதான் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 6

பாஞ்சாலிதான் கூப்பிட்டாள். நான் வீட்டுக்குக் கிளம்பியிருந்த நேரம். "ஒரு காலுதான் தெரியுது, மாடு படுத்துட்டுது, வா" என்று வைத்துவிட்டாள்.

தெருமுனையிலேயே நின்றிருந்தாள். லோ பீமில்தான் போனேன். அதற்கும் நடுத்தெருவில் வந்து நின்று இரண்டு கையையும் நீட்டி மறித்தாள். "லைட்ட நிறுத்து. தெரு மாடெல்லாம் மெரளுது. வண்டிய இங்கயே போட்டுட்டு நடந்து வா." நிறுத்தினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன்.

கன்றின் ஒரு முன்கால் உள்ளே மடங்கியிருந்தது. அதை நிமிர்த்தவே கை மரத்துவிட்டது. இரண்டு காலிலும் கயிறு கட்டியாயிற்று, இனி மாடு முக்கும்போது இழுக்க வேண்டும். சின்னசாமி ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். வழுக்கியது. பாஞ்சாலி அதைப் பிடுங்கித் தன் கையில் சுற்றிக்கொண்டாள். நானும் அவளும் சாணியில் உட்கார்ந்து, காலை உதைத்துக்கொண்டு இழுத்தோம். இழுக்க இழுக்கத்தான் அவளுக்கு வாய் திறந்தது.

"இவரு கை நல்லா இருந்திருந்தா நான் எதுக்கு இங்க இழுத்துகினு கீறேன்?"

"ஆமா பாஞ்சாலி."

"பள்ளத்துல கெடந்து கத்தினாராம். நீ போய்கினே இருந்தியாம். நின்னிருக்கணும்."

"நின்னிருக்கணும்."

"மாட்டுக்குன்னா இந்நேரத்துக்கு ஓடி வர்ற. மனுசன் கெடந்தா கண்ணு தெரியாதா உனக்கு?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மாடு முக்கியது, "இழு, இழு" என்று என்னை அதட்டினாள், இழுத்தேன். கன்று வழுக்கிக்கொண்டு எங்கள் மடிமேலேயே வந்து விழுந்தது. பெண் கன்று, கிடேரி. மூக்கைத் துடைத்து விட்டதும் தும்மியது. பாஞ்சாலி அழுதாள், நானும்தான். அவள் கன்றுக்காக அழுதாள், நான் எதற்கென்று எனக்கே தெரியவில்லை. இந்த இரண்டு வாரமும் எனக்கு யாராவது இந்தத் திட்டைத் திட்டியிருக்க வேண்டும்.

வெந்நீர் ஊற்றினாள், கையைக் கழுவினேன். கிளம்பும்போது சின்னசாமி நல்ல கையில் டார்ச்சோடு கூடவே வந்தார். வண்டியில் ஏறினேன், விளக்கைப் போடவில்லை. அவர் முன்னால் நடந்து தரையில் வெளிச்சம் காட்டினார், நான் அவர் பின்னாலேயே சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் மாடுகள் அசை போட்டுக்கொண்டு படுத்திருந்தன. ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை. பெரிய ரோடு வந்ததும் அவர் ஓரமாக ஒதுங்கி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இப்ப போட்டுக்கங்க" என்றார்.

அவரைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் போட்டேன்.