இறம்பொடை ஏத்தத்துல பத்திக்கிட்ட கார்

அன்புள்ள அம்மாவுக்கு,

கொழும்புல நான் நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி குறைஞ்சிச்சா?

முந்தாநாள் கராஜ் முதலாளியோட பழைய ரோட்டரி எஞ்சின் கார்ல நுவரெலியாவுக்குப் போனோம். அந்த எஞ்சினுக்குப் புகைக்குழாய் பயங்கரமா கொதிக்கும். சூட்டைத் தடுக்கிற தகட்டை, சத்தம் போடுதுன்னு முதலாளி கழட்டிட்டாரு. வேணாம்னு சொன்னதுக்கு, "தோட்டக்காட்டானுக்கு எஞ்சினப் பத்தி என்னடா தெரியும்?"னு நம்ம தேயிலைத் தோட்டத்தைச் சொல்லி எளக்காரமா கேட்டாரு.

இறம்பொடை ஏத்தத்துல அவரு காலடியில கார்ப்பெட் பத்திக்கிச்சு. நான்தான் கையால இழுத்து வீசினேன். கூட்டம் கூடினதும், தகட்டைக் கழட்டுனது நான்தான்னு சொல்றாரும்மா!

"பொய் சொல்லாதீங்க சேர்! தகடு போடாம இனி இந்தக் காரைத் தொடமாட்டேன்"னு கத்திட்டேன்.

இன்னைக்குத் தகடு போட்டாச்சு. அவரு மன்னிப்புதான் கேக்கல. ஆத்திரம் இன்னும் அடங்கல.

அவ்வளவு கிட்ட வந்தும் பூண்டுலோயாவுக்கு உங்களப் பாக்க வர விடல. பஸ்ஸுல கொஞ்சம் தேயிலைத்தூள் அனுப்புங்க. எழுத்து வேறயா இருக்குன்னு பயப்படாதீங்க. கையில சின்னக் கட்டு, கூட வேலை செய்ற சுமன்தான் எழுதுறான். அவனைக் கூப்பிடுறாங்க, நிறுத்துறேன்.

உங்க மகன்,
தனுஷன்