காட்டூர் ஸ்விட்சும் ஐந்து மணி வகுப்பும்

திங்கள்
காலையிலேயே வெயில். காவிரிப் பாலத்தில் நெரிசல், ஆபீஸுக்கு லேட். எங்கள் நெட் கம்பெனி முதலாளி கணேசன் சார் ஏன் லேட் என்று கேட்கவில்லை. போனில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார், பாவம்.

திட்டியவர் காட்டூர் ஸ்டெல்லா டீச்சர். துபாய்ப் பிள்ளைகளுக்கு மாலை ஐந்துக்கு ஆன்லைனில் கணக்கு எடுக்கிறார். போன மாதம் பவர் ஷட்டவுன் முடிந்து சரியாக ஐந்துக்குக் கரண்ட் வந்தது, நெட் படுத்தது. "இந்த வியாழக்கிழமையும் ஷட்டவுனாம். அன்னைக்கும் இப்படின்னா வேற கம்பெனிதான் சார். எங்க தெருவே மாறிடும்."

காரணம் தெரிந்ததுதான். கரண்ட் வந்ததும் ஏரியா முழுக்க ரௌட்டர்கள் ஒரே நேரத்தில் எழுந்து தங்களுக்கு ஒரு நெட் முகவரி கேட்டுக் கத்துகின்றன. வீடுகளுக்கு நெட்டைப் பிரித்து அனுப்பும் காட்டூர் ஸ்விட்சின் பிராசசர் அத்தனைக்கும் பதில் சொல்லப் போய்த் திணறி நின்றுவிடுகிறது. இன்வர்ட்டர் வைத்திருக்கும் டீச்சரின் லைனும் சேர்ந்து போகிறது.

புது ஸ்விட்ச் வாங்கலாமா என்றார் சார். வேண்டாம், பிராசசருக்குப் போகும் தகவல் பாக்கெட்டுகளை வடிகட்டி, அளவாக விட்டால் போதும் என்றேன். என் வாய் சும்மா இருக்காதே.

"அப்ப நீங்களே பண்ணிடுங்க சுமதி."

செவ்வாய்
மேகம். மழை இல்லை. ஆபீஸிலிருந்தே ஃபில்டர் எழுதினேன்.
முகவரி கேட்பவை: அளவோடு உள்ளே.
மற்றதெல்லாம்: வெளியே.
என்டர் தட்டினேன். ஸ்க்ரீன் உறைந்துவிட்டது. அந்த 'மற்றதெல்லாம்' என்பதில் என் லேப்டாப்பும் அடக்கம்! காட்டூரில் எல்லார் வீட்டிலும் நெட் ஜோர். ஸ்விட்சுக்குள் போக முடியாதவள் நான் மட்டும்.

பக்கத்து சீட் ரஃபீக்: "சாவியை உள்ள வச்சுப் பூட்டிட்டீங்களா மேடம்?" சிரிப்பை அடக்க முயலவே இல்லை.

ஸ்விட்சிலேயே நேராகச் செருகும் கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து காட்டூருக்கு ஸ்கூட்டி. ஒரு அபார்ட்மென்ட் மாடிப்படிக்குக் கீழே, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸ்விட்ச் பெட்டி. படியில் உட்கார்ந்து கேபிளைச் செருகினேன். மேலிருந்து இறங்கிய ஒரு அம்மா நின்றார்.
"ரீடிங் எடுக்க வந்தீங்களா?"
"இல்லைங்க, நெட் சரிபண்ண."
"நல்லாத்தானே இருக்கு. நோண்டாதீங்க."
நோண்டினேன். உள்ளே விடும் பட்டியலில் என் பெயரையும் சேர்த்தேன். தயிர்சாதமும் அங்கேயே.

புதன்
தலைக்குக் குளியல். வாங்க: காப்பிப் பொடி, பெட்ரோல், குடை.
நாளைக்குக் கரண்ட் போய் வந்தால்தான் ஃபில்டரின் லட்சணம் தெரியும். சொதப்பினால் டீச்சர் போவார், தெரு போகும். ஓடுகிற ஸ்விட்சை இனி சார் என்னைத் தொட விடமாட்டார். அதுதான் பெரிய பயம்.

வியாழன்
தூறல். குடை வாங்க மறந்தாயிற்று.
ஐந்து மணி. காட்டூரில் கரண்ட் வந்துவிட்டது. பிராசசர் லோடு நாற்பது சதவீதம், அறுபது, எழுபது. என் நாற்காலிக்குப் பின்னால் சார். எழுபத்து மூன்று. அங்கேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் இறங்க ஆரம்பித்தது.

போன் அடிக்கவில்லை. அதுவும் பயமாக இருந்தது. ஒருவேளை கம்பெனி மாறியே விட்டாரோ? பொறுக்க முடியாமல் நானே டீச்சருக்குப் போட்டேன்.

"கிளாஸ்ல இருக்கேன்மா, உங்க நெட்லதான். போனை வைங்க."

நான் வைப்பதற்குள் அவரே வைத்துவிட்டார்.