ரம்பத்துக்கு நேர் பின்னால்

கார்த்திகை 8, இரவு

செல்விக்கு விலா எலும்பில் கீறல் விட்டிருக்கிறது. படுத்தால் வலிக்கிறதென்று கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடியிருக்கிறாள்.

அவள் கேட்ட அடுக்களை அலமாரிக்காகத்தான் காலையில் பலகை அறுத்தேன். பழைய தண்ணீர் மோட்டாரை மேசைக்கடியில் மாட்டி நானே செய்த வட்ட ரம்பம் அது. காரைக்குடிக் கடையில் வாங்கிய பழைய தேக்குப் பலகை, பாதி அறுத்ததும் இறுகி ரம்பத்தைக் கவ்விக்கொண்டது. அடுத்த நொடி என் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு பின்னால் பறந்தது. எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. காப்பியோடு ரம்பத்துக்கு நேர் பின்னால் வந்து நின்ற செல்வியின் விலாவில் அடித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டபோது, "மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "உங்களுக்கு மட்டும் எப்படிப் படாமப் போச்சு?"

பலகை சில நேரம் இப்படித் திருப்பி அடிக்கும், அதனால் ரம்பத்துக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நின்றே அறுப்பேன் என்றேன். முன்பு ஒருமுறை பின்சுவரில் போய் அடித்ததையும் சொன்னேன்.

என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அம்புட்டும் தெரிஞ்சிருக்கீக. என்னைய அங்குட்டு நிக்காதன்னு ஒரு வார்த்தை சொல்லலையே."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அறுத்த பிளவு மூடிப் பலகை இறுகாமலிருக்க, ரம்பத்தின் மறுபக்கம் பிளவுக்குள் நிற்கும்படி ஒரு இரும்புத் தகடு வைத்திருக்கலாம். அரை நாள் வேலை. ஒதுங்கி நிற்பதே போதுமென்று இருந்துவிட்டேன்.

இருமுகிறாள். இருமினால் உயிர் போகிற வலி வரும். போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும்.